கொடைக்குப் போட்ட சூரியன்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்து நின்றார். கடல் கடந்த ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், மிளகளவு உருண்டை ஒன்றுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் லேசர் பாய்ச்சி, உள்ளே போன ஒளியைவிட அதிக ஆற்றலை வெளியே எடுத்துவிட்டார்கள் என்று அதில் போட்டிருந்தது.

“ஏட்டி, நம்ம போர்டு எரிஞ்சிட்டு” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“லேசர ஓட்டுறதுக்கு இழுத்த கரண்டையும் சேத்துக் கணக்குப் பாத்தா இன்னும் நட்டம்தான்” என்றேன்.

“ஒன்கிட்ட ஒரு நல்ல சேதியச் சொல்லிட்டுத் தப்பிச்சுர முடியாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் தாளை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் சொன்ன போர்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் எங்கள் தெருக் கோவில் கொடைக்குப் போட்டது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அவருக்கு மைக் செட், லைட் செட் தொழில். திசையன்விளையிலிருந்து பத்தமடை வரைக்கும் எந்த அம்மனுக்குக் கொடைத் திருவிழா என்றாலும் எங்கள் வேன் அங்கே நிற்கும். மூங்கில் தட்டியில் கலர் பல்புகளை வரிசை வரிசையாகக் கட்டி, மயில் தோகை விரிப்பது போலவும், அருவி கொட்டுவது போலவும், குதிரை ஓடுவது போலவும் மின்ன வைப்பார். கல்யாணத்துக்கு வந்த என் சொந்தக்காரர்கள், “பிள்ளைய எம்புட்டுப் படிக்க வச்சு, கடைசில லைட்டு போடுறவருக்குக் கொடுத்துட்டாங்களே” என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில்தான் உட்கார்ந்திருக்கும். தாலி கட்டி முடிந்த கையோடு அவர்களிடம் போய், “நானும் காலேஜ்ல லைட்டப் பத்தித்தான் நடத்துறேன், ஒரே தொழில்தான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான் என்று பிற்பாடு சொன்னார்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம், வடக்கே ஒரு லேசர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்ய எனக்கு இடம் கிடைத்தது. மூன்று வருடம். கல்லூரியில் சம்பளத்தோடு விடுப்பும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமியாரிடம் சொன்னபோது, “மூணு வருசமா? அங்கன தேங்கா கிடைக்குமாளா?” என்று மட்டும் கேட்டார். கிடைக்கும் என்றதும் அவருக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோதுதான் வண்டி நின்றது. போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை எனக்கு லேசு. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

“அங்க போயி என்னத்தச் செய்வ?” என்றார்.

“லேசர் வச்சு சூரியன் செய்வோம்.”

“வெளையாடாத.”

“வெளையாடல. சூரியனுக்குள்ள என்ன நடக்குதோ அத ஒரு மிளகுக்குள்ள நடத்திப் பாக்குறது.”

“எனக்கு வெளங்கலட்டி. நீ போகணும்னு சொன்னா ஜாமீன் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட்டுருவேன். ஆனா வெளங்காத எடத்துக்கு எப்படி மனசார அனுப்ப? மூணு வருசம் நான் இங்கன ஒத்தையில உக்காந்து என்னத்த நெனச்சுக்கிட?”

அதுதான் என்னைக் குத்தியது. அவருடைய கையெழுத்து எனக்குப் போதவில்லை. அவர் மனசாரச் சிரித்துக்கொண்டு ரயில் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் போய் என்ன பிரயோசனம் என்று தோன்றியது. இப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்குக் கோபமும் வந்தது. வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு விளங்க வைக்கிறவளால் வீட்டில் ஒரு ஆளுக்கு விளங்க வைக்க முடியாதா?

மறுநாள் சாப்பிடும்போது சோற்று உருண்டையை வைத்து ஆரம்பித்தேன். ஒரு கையால் ஒரு பக்கம் அமுக்கச் சொன்னேன். மறுபக்கம் பிதுங்கியது. இரண்டு கையாலும் அமுக்கச் சொன்னேன். விரலிடுக்கில் பிதுங்கியது. “எந்தப் பக்கமும் பிதுங்காம, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல ஒரே அளவுல அமுக்கணும். கையால முடியாது, வெளிச்சத்தாலதான் முடியும். லேசர் பட்டதும் உருண்டையோட மேல்தோலு வெடிச்சு வெளிய பறக்கும். பறக்குற வேகத்துல உள்ள இருக்கது நடுவப் பாத்து நெருக்கும். நெருக்குற நெருக்குல ரெண்டு ஹைட்ரஜன் ஒண்ணா ஒட்டிக்கிடும். ஒட்டும்போது வாரதுதான் சூரியனோட சூடு” என்றேன்.

“கடக்கரையில அணு உலை கட்டப் போறாங்கன்னு பேசிக்கிடுதாங்களே, அதுவா?”

“அது பெரிய அணுவப் பிளக்குறது. இது சின்ன அணுவ ஒட்டுறது.”

“ஒட்டுறதுக்குள்ள சிதறிப் போவாதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதான் கேள்வியே. “சிதறத்தான் செய்யும். சிதறுறதுக்கு முன்னாடி எரிஞ்சு முடிச்சிரணும். சட்டுனு நகர முடியாம ஒரு பொருள் தயங்குது பாருங்க, அந்தத் தயக்கத்துக்குள்ள. ஒரு நொடிய நூறு கோடித் துண்டாப் போட்டா, அதுல ஒண்ணு ரெண்டு துண்டு நேரம்தான்.”

அவர் சோற்று உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சாப்பிட்டுவிட்டு, “இத நான் போர்டுல போட்டுப் பாக்கேன். என் கையால போட்டாத்தான் எனக்கு வெளங்கும். இந்தக் கொடைக்கு மயில் வேண்டாம்” என்றார்.

அவர் தொழிலின் உயிர் ரோலரில் இருக்கிறது. கலப்பைக்கட்டை கனத்தில் ஒரு மர உருளை. அதன்மேல் செம்புத் தகடுகளை வெட்டி ஆணியடித்திருப்பார்கள். மோட்டார் அதைச் சுற்றும்போது, எந்தத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை பல்பு எரியும், விட்டதும் அணையும். ஒன்று அணைந்து அடுத்தது எரிவதால்தான் குதிரை ஓடுகிறது, அருவி கொட்டுகிறது. நான் கொல்லைப்புறத்தில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். சுற்றிலுமிருந்து சிவப்புக் கோடுகள் நடுவை நோக்கி ஓடி வரவேண்டும். நடுவிலிருக்கும் பச்சை வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாக வேண்டும். அப்புறம் தட்டி முழுக்க ஒரே மஞ்சள் வெளிச்சமாக வெடிக்க வேண்டும்.

கல்லூரி விட்டு பஸ் பிடித்து வந்ததும் எனக்கு அதே வேலையாகிப்போனது. பல்புகளைச் சாயத்தில் முக்கிக் கொடியில் தொங்கவிடுவேன். என் விரல் நகமெல்லாம் சிவப்பும் பச்சையுமாக இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நாட்களில் நான் இருந்த சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. அவர் ஒவ்வொரு தகடாக அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒரு கோடு மயிரிழை பிந்தி வந்தாலும் வட்டம் கோணலாகச் சுருங்கியது.

“தென்கிழக்கு மூலையில பிதுங்குது பாருங்க” என்பேன்.

“பைய சொல்லு, மூணாவது தடவையா அதத்தான் தேய்க்கேன். இதுக்கே இந்தப் பாடுன்னா அங்க ரோலருக்குச் செம்பு எங்கனட்டி வாங்குவாங்க?”

“அங்க ரோலரே கிடையாது.”

“பின்ன எப்படி எல்லாம் ஒண்ணா வரும்?”

“ஒரே வெளிச்சத்தப் பல கிளையாப் பிரிச்சு, ஒவ்வொரு கிளையும் ஒரே தூரம் நடந்து வார மாதிரி கண்ணாடி வச்சிருப்பாங்க.”

அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “அது நல்ல யோசனைலா” என்றார். யாரோ ஒரு தொழில்காரன் செய்த வேலையைப் பாராட்டுகிற குரல் அது.

கொடை செவ்வாய்க்கிழமை. முதல்நாள் திங்கட்கிழமை சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் வெள்ளோட்டம் பார்த்தோம். கோவில் வாசலில் தட்டி எழும்பி நின்றது. தெரு நெடுக டியூப் லைட்டுகள், முகப்பில் வளைவு, மூலைக்கு மூலை குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. கோவில் தர்மகர்த்தா, ஊரில் அரிசிக்கடை வைத்திருந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

“இதுல அம்மன் எங்கன இருக்கா?” என்றார்.

“பாருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு இவர் மோட்டாரைப் போட்டார்.

சிவப்புக் கோடுகள் ஓடி வந்தன. பச்சை வட்டம் சுருங்கியது. கோணலில்லாமல் அப்படியே ஒரு புள்ளியாக ஒடுங்கியது. அடுத்த தகடு தொட்டதும் கோவிலுக்குப் பின்னாலிருந்த ஜெனரேட்டர் ‘ங்ஙொய்’ என்று முனகிவிட்டு நின்றுபோனது. போர்டு, டியூப் லைட், வளைவு, பாட்டு எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. தெரு முழுக்கக் கும்மிருட்டு.

என்ன நடந்தது என்று எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது, அதனால்தான் வெட்கமாகப் போயிற்று. சீரியல் லைட் போடுகிறவர்களின் கணக்கே வேறு. ஒரு போர்டில் எத்தனை பல்பு இருந்தாலும் ஒரு சமயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எரியும். ஓடுகிற வெளிச்சத்துக்கு அது போதும். அந்தக் கணக்குக்குத்தான் தலைமுறையாக ஜெனரேட்டர் எடுக்கிறார்கள். மொத்த போர்டும் ஒன்றாக எரிய வேண்டும் என்று இதுவரைக்கும் எந்த மயிலும் கேட்டதில்லை. இவர் பழக்கத்தில் அதே ஜெனரேட்டரை எடுத்திருந்தார். மின்னியல் நடத்துகிற எனக்கும் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

தர்மகர்த்தா சாமியாடாத குறை. “கொடைத் தெருவுல வெளக்கு அணையலாமா வே? எங்க அப்பா காலத்துல இருந்து அணைஞ்சதில்ல. என்ன கேடு வரப்போகுதோ! இந்த எழவக் கழத்திப் போட்டுட்டு, போன வருசத்து மயில எடுத்து மாட்டும்!”

“நாளைக்குச் சரியாயிரும் அண்ணாச்சி.”

“மயில மாட்டும்வே!”

மயில் ஏறினால் எல்லாம் முடிந்தது. இவர் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். ஆனால் சூரியன் என்று சொன்னது கடைசியில் இருட்டாகத்தான் முடிந்தது என்று மனதில் விழுந்துவிடும். அப்புறம் நான் எந்த முகத்தோடு ரயில் ஏறுவது?

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தோம். மாமியார் இரண்டு பேருக்கும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தார். இவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அங்கயும் இப்படித்தானா? அம்புட்டு லேசரும் ஒண்ணா எரிஞ்சா ஊரு கரண்ட்ட எல்லாம் இழுத்துருமே?”

“இல்ல, அங்க...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. “அங்க பைய பைய சேத்து வப்பாங்க. அறை அறையா மின்தேக்கி வச்சு, மெதுவா நிரப்பி, ஒரு கண்சிமிட்டுல செலவழிப்பாங்க. அந்த ஒரு சிமிட்டுக்குத்தான் அம்புட்டும் வேணும். நமக்கும் அப்படித்தான். சேத்து வைக்க வழியில்லாட்டி, அந்த ஒரு சிமிட்டுக்கு மட்டும் மத்த செலவ நிறுத்தினாப் போதும். டியூப் லைட்டு, வளைவு எல்லாத்தையும் அந்த நேரம் அணைச்சா ஜெனரேட்டர் தாங்கும்.”

அவர் விரலால் தட்டில் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது, உடனே வாடியது. “தாங்கும். ஆனா தெருவ அணைக்கணும்கியே. இன்னைக்குத் தானா அணைஞ்சதுக்கே அடிக்க வந்தாரு. நாளைக்கு நாமளா அணைச்சா?”

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். எங்கள் தெருவில் குலவை போட அவர்தான் முதல் ஆள். அவர் நாக்கைச் சுழற்றிக் குலவையை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்களுக்குக் குரல் கிளம்பும்.

“தானா அணைஞ்சாத்தானலே தப்பு” என்றார் மகனைப் பார்த்து. “தெருவெளக்க அடக்கிட்டா, உள்ள அம்மைக்கு ஏத்தி வச்ச எண்ணெ வெளக்கு மட்டும் தெரியும். எல்லாரும் அதப் பாக்கட்டும். நாங்க குலவை போடுதோம். குலவைச் சத்தத்துல வெளிச்சம் வரட்டும். குலவை போடுத எடத்துல கேடு எப்படிலே வரும்?”

மறுநாள் காலையில் மாமியாரே போய் தர்மகர்த்தாவிடம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. திரும்பி வந்து, “ஒத்துக்கிட்டான். ஒரே ஒரு தடவைதானாம். அதுவும் சரியா வரலேன்னா ஒடனே மயிலாம்” என்றார். இவர் மயில் தட்டியையும் வேனிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலத் தீபாராதனைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. தெரு விளக்குகளுக்கான மெயின் ஸ்விட்ச் என் கையில். நான்தான் அதைப் பிடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கியிருந்தேன். கோவில் வாசலில் பெண்களுக்கு முன்னால் மாமியார் நின்றார். இவர் ரோலருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.

சிவப்பு ஓடியது. பச்சை சுருங்கியது. புள்ளியானதும் ஸ்விட்சைக் கீழே இழுத்தேன்.

தெரு இருண்டது. கூட்டத்தில் ஒரு திகைப்பு எழுவதற்குள் மாமியாரின் குலவை கிளம்பிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அத்தனை பெண்களும் குலவை போட்டார்கள். கருவறைக்குள் ஒற்றை எண்ணெய் விளக்கு அசையாமல் நின்றது. அந்த இருட்டு ஓரிரு நொடிதான் இருந்திருக்கும். எனக்கு ஒரு யுகமாக இருந்தது. ஜெனரேட்டர் முனகியது. நான் பல்லைக் கடித்தேன். முனகல் நிற்கவில்லை, தாங்கிக்கொண்டது. தட்டி முழுக்க மஞ்சளாக வெடித்து எரிந்தது.

எல்லா முகமும் தெரிந்தது. தர்மகர்த்தாவின் முகம், பலூன்காரன் முகம், குலவையில் வாய் குவிந்த பெண்களின் முகம், ரோலருக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முகம். இவ்வளவு வெளிச்சத்தை அவர் ஒன்றாகப் பார்த்ததில்லை. நான் வெட்கமில்லாமல் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். தெரு விளக்கைத் திரும்பப் போட மறந்துபோனேன். யாரோ சத்தம் போட்ட பிறகுதான் போட்டேன்.

“இன்னொரு தடவ போடும்வே!” என்று முதலில் கத்தியவர் தர்மகர்த்தாதான். ஒரே ஒரு தடவை என்று சொன்ன வாய் அது. அன்றைக்கு எத்தனை தடவை போட்டோம் என்று நினைவில்லை. குலவை போட்டுப் போட்டு மாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மயில் வேனைவிட்டு இறங்கவே இல்லை.

கடைசியில் நன்றி சொல்வதற்காகத் தர்மகர்த்தா மைக்கைப் பிடித்தார். பிடித்தவருக்கு இது என்ன சாமி என்று ஊருக்குச் சொல்லத் தெரியவில்லை. இவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார். மைக்கை அணைக்காமலே கேட்டார்.

“இது என்னதுன்னு சொல்லும்வே.”

“மிளகளவு உருண்டையில சூரியன் செய்யுறது அண்ணாச்சி. தண்ணியில இருக்க ஹைட்ரஜன வச்சு.”

“எந்தத் தண்ணி? நம்ம ஆத்துத் தண்ணியிலயும் இருக்கா?”

“தாமிரபரணியிலயும் இருக்கு.”

கூட்டம் ஆரவாரம் செய்தது. தர்மகர்த்தா, ஆற்றையே தான்தான் வெட்டிவிட்ட மாதிரி நிமிர்ந்துகொண்டார்.

“அப்ப இதுல கரண்டு வருமா?”

நான் ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் மைக் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

“இன்னும் வரல அண்ணாச்சி. நேத்து நாங்க பட்ட பாடுதான் அங்கயும். போடுத கரண்டு ஜாஸ்தி, வாரது கம்மி. அதச் சரி பண்ணத்தான் எங்க வீட்டுல வடக்க போறா. மூணு வருசம். போயிப் பாத்துட்டு வரட்டும்.”

என்னிடம் சொல்வதற்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிட்டார். அதுவும் அவர் கையாலேயே கட்டிய ஸ்பீக்கர்களில். தலைக்குமேல் இருந்த குழாயில் முதலில் கேட்டது, ‘வடக்க போறா’. அடுத்த தெருமுனையில் இருந்த குழாயிலிருந்து கொஞ்சம் பிந்தி வந்தது. அதற்கும் அப்பால், சந்தைப் பக்கம் கட்டியிருந்த குழாயிலிருந்து இன்னும் பிந்தி வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரவேண்டும் என்று அவரைப் பாடாய்ப் படுத்தியவள், அன்று ஒவ்வொன்றாக வரட்டும் என்று நின்று, எல்லாவற்றையும் கேட்டேன்.